எந்தப் போர்க்கப்பலைக் கட்டுவது: விக்டரியா, வாசாவா, கான்ஸ்டிடியூஷனா?

மரத்தில் பாய்மரப் போர்க்கப்பலின் சிறிய மாதிரியைக் கட்டிப் பார்க்கும் ஆசை வந்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பெரும்பாலும் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரிதான். அடுத்து ஸ்டாக்ஹோமில் நிற்கும் வாசா. அமெரிக்காவில் இருப்பவர்கள் என்றால் பாஸ்டனின் கான்ஸ்டிடியூஷன். மூன்றுமே இன்றும் நேரில் போய்ப் பார்க்கக்கூடிய கப்பல்கள். மூன்றுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் கிட் பெட்டிகள், அதாவது மாதிரி கட்டுவதற்கான உதிரிகள் அடங்கிய பெட்டிகள், விற்பனைக்கு இருக்கின்றன. மூன்றின் பெட்டிப் படமும் ஆளை மயக்கும். பணம் கணிசமாகச் செலவாகும், வேலை வருடக்கணக்கில் இழுக்கும். ஆகவே படத்தை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன் சில விஷயங்களை ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கப்பலின் புகழைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரே சின்ன வேலையை எத்தனை முறை அலுக்காமல் செய்வீர்கள் என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். இந்தக் கலையில் யாராலும் முடியாத வேலை என்று அதிகம் கிடையாது. எளிய வேலைதான், ஆனால் நூறு முறை வரும், சில இடங்களில் ஆயிரம் முறை வரும். பாதியில் பரணுக்குப் போன கப்பல்களில் கைத்திறன் போதாமல் நின்றவை குறைவு, சலித்துப்போய் நின்றவையே அதிகம்.

முதலில் விக்டரி. தாமஸ் ஸ்லேட் வரைந்த கப்பல். 1759இல் சாத்தம் கப்பல் கட்டும் தளத்தில் அடிமரம் போட்டார்கள், 1765இல் நீரில் இறக்கினார்கள். 1805 அக்டோபர் 21ஆம் தேதி டிரஃபால்கர் கடற்போரில் அதில் இருந்தவை 104 பீரங்கிகள். கீழ்த்தளத்தில் 32 பவுண்டு குண்டு வீசுபவை 30, நடுத்தளத்தில் 24 பவுண்டு வகை 28, மேல்தளத்தில் 12 பவுண்டு வகை 30, மிச்சம் பின்மேடையிலும் முன்மேடையிலும். படிக்கிறவருக்கு இது கம்பீரம். கட்டுகிறவர் இதையே வேறு விதமாகக் கணக்குப் போட வேண்டும். பக்கச் சுவரில் இருக்கும் ஒவ்வொரு பீரங்கி வாயிலுக்கும் பலகையில் சதுரமாக ஓர் ஓட்டை, அதன் ஓரங்களில் மெல்லிய உள்சட்டம், மேலே ஒரு கதவு, கதவுக்கு இரண்டு கீல், அதைத் தூக்கி நிறுத்தக் கயிறு. கீழ்த்தளங்களுக்குப் பல கிட்டுகள் பீரங்கிக் குழாயின் முன்பாதியை மட்டும் கொடுத்து, உள்ளே ஒரு மரக்கட்டையில் செருகச் சொல்லிவிடுகின்றன. அதனால் வண்டிச் சக்கரங்கள் செய்யும் வேலை மிச்சம். கதவும் கீலும் கயிறும் மிச்சமாகாது.

அது முடிந்தால் செப்பு. கடற்புழுவும் பாசியும் அடிப்பாகத்தை அரிக்காமல் இருக்க 1780இல் விக்டரியின் அடியில் சுமார் 3,900 செப்புத் தகடுகளை அடித்தார்கள். மாதிரியிலும் நீர்க்கோட்டுக்குக் கீழே தபால்தலையைவிடச் சிறிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறும்படி ஒட்டிக்கொண்டே போக வேண்டும். வெறும் கையால் தொட்டால் விரல்ரேகை பதிந்து, சில வாரங்களில் அந்த இடம் மட்டும் கறுக்கும். கையுறை போட்டுக்கொண்டு ஒட்டுங்கள், அல்லது அன்றன்றே துடைத்துவிடுங்கள்.

விக்டரியில் பழக்கமில்லாதவர்களைத் திணறடிப்பது முன்பக்கம். இந்தக் கிட்டுகளில் நடுவே நீளவாக்கில் ஓர் ஒட்டுப்பலகை முதுகெலும்பு, அதில் செருகிய குறுக்குச் சட்டங்கள், அதன்மேல் இரண்டு அடுக்கு மரப்பட்டிகள். முதல் அடுக்கு வெளிறிய நிறத்தில் இருக்கும் லைம் மரம், ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன். கண்ணில் படாத அடுக்கு அது. அதன்மேல் வால்நட் மரத்தில் மெல்லிய இரண்டாம் அடுக்கு. நடுப்பகுதியில் பட்டி சாதுவாகப் படுத்துக்கொள்ளும். விக்டரியின் முன்முகமோ மொட்டையாக, உருண்டையாக இருக்கிறது. அங்கே அதே பட்டி முரண்டு பிடிக்கும். காரணம் எளிது. கப்பலின் நடுவில் மேலிருந்து கீழ்வரை இருக்கும் தூரம் அதிகம், முன்முனையில் குறைவு. ஒரே அகலப் பட்டிகள் நடுவில் இருபத்தைந்து அடங்கினால் முனையில் அத்தனையும் அடங்காது. எனவே ஒவ்வொரு பட்டியையும் முனையை நோக்கிச் சீவிக் குறுக்க வேண்டும். சீவாமல் வலுக்கட்டாயமாக வளைத்தால் பட்டியின் ஒரு விளிம்பு சட்டத்திலிருந்து எழும்பி நிற்கும். எவ்வளவு பசை போட்டாலும் அது படியாது. சரியான வழி, ஒவ்வொரு சட்டத்திலும் மீதி இருக்கும் தூரத்தை ஒரு காகிதத் துண்டால் அளந்து, மீதிப் பட்டிகளின் எண்ணிக்கையால் வகுத்து, அந்த அகலத்தைப் பென்சிலால் குறித்து, இழைப்புளியால் மெதுவாகச் சீவுவது. பிறகு வெந்நீரில் ஊறவைத்து, வளைவிலேயே கிளிப் போட்டுக் காயவிட்டு, அதற்கப்புறம்தான் பசை. ஈரத்தோடு ஒட்டினால் காயும்போது சுருங்கி இடைவெளி விழும்.

பாய்மரங்கள் நின்ற பிறகு வருவது கயிற்று ஏணி. பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் தடித்த கயிறுகளுக்குக் குறுக்கே மாலுமிகள் ஏறுவதற்காகக் கட்டிய மெல்லிய கயிறுகள் அவை. உண்மைக் கப்பலில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடைவெளி ஓர் அடிக்குச் சற்று மேல். ஒவ்வொரு குறுக்குக் கயிறும் ஒவ்வொரு தடித்த கயிற்றையும் கடக்கும் இடத்தில் ஒரு முடிச்சு. மூன்று பாய்மரம், இரண்டு பக்கம், கீழ்க்கட்டு, மேல்கட்டு என்று கூட்டினால் விக்டரியில் முடிச்சுகள் ஆயிரக்கணக்கில் வரும். முடிச்சை அதிகம் இறுக்கினால் தடித்த கயிறுகள் உள்பக்கமாக இழுபட்டு ஏணி முழுவதும் மணல் கடிகாரம் போல் இடுப்பு ஒடுங்கிவிடும். இதற்கு ஒரே மருந்து, ஒரு நாளைக்குச் சில வரிசைகளுக்கு மேல் கட்டாமல் இருப்பதுதான்.

இந்த இடத்தில்தான் அளவுவிகிதம் பற்றிய பெரிய தப்பெண்ணம் குறுக்கே வருகிறது. விக்டரிக்கு 1:72 (உண்மைக் கப்பலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு), 1:78, 1:98 என்று பல அளவுகளில் கிட் உண்டு. “முதல் கப்பல்தானே, சின்னதாகத் தொடங்குவோம்” என்று 1:98ஐ எடுக்கிறவர்கள் நிறையப் பேர். விலை குறைவுதான், வேலை குறையாது. அதே 104 பீரங்கி, அதே ஏணி, அதே கப்பிகள், எல்லாம் இன்னும் பொடியாக. 1:72இல் ஏணிப் படிகளுக்கு நடுவே நாலரை மில்லிமீட்டர் கிடைக்கும், 1:98இல் மூன்றரைக்கும் கீழே. ஓர் அடி நீளக் கப்பி 1:72இல் நான்கு மில்லிமீட்டர், 1:98இல் மூன்று. மூன்று மில்லிமீட்டர் கப்பியில் இரண்டு ஓட்டை, ஓட்டைகளில் நூல். கண்ணும் கையும் படும் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். விக்டரியைத்தான் கட்டுவேன் என்று பிடிவாதமாக இருப்பவர் பெரிய அளவையே எடுக்க வேண்டும்.

அப்போது இடப் பிரச்சினை வரும். 1:72 விக்டரி முன்கொம்பிலிருந்து பின்கொம்புவரை கிட்டத்தட்ட 1.4 மீட்டர் நீளம், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த உயரம். அதைவிடப் பெரிய கண்ணாடிப் பெட்டி வேண்டும். கண்ணாடிப் பெட்டி இல்லாத மாதிரி ஒரு வருடத்தில் தூசியில் சாம்பல் நிறமாகிவிடும், ஆயிரம் கயிறுகளுக்கு நடுவே தூசி துடைக்க முடியாது. வாசல் வழியாகப் பெட்டி உள்ளே வருமா, வீடு மாற்றும்போது வெளியே போகுமா என்றும் பாருங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே விக்டரியை மறந்துவிடலாம்.

இடமும் பொறுமையும் குறைவு, ஆசை மட்டும் விக்டரிமேல் என்றால் நடுத்துண்டு கிட் ஒன்று உண்டு. பெரிய பாய்மரம் நிற்கும் இடத்தில் கப்பலைக் குறுக்காக வெட்டியது போல், மூன்று பீரங்கித் தளமும் அடியிலுள்ள சரக்கறையும் திறந்து தெரியும். முழுக் கப்பலில் பார்வைக்கு மறைந்துபோகும் பீரங்கி வண்டி, தளத்தைத் தாங்கும் விட்டங்கள் எல்லாம் இதில் கண்ணுக்குத் தெரியும். முன்பக்க வளைவு என்ற தலைவலியே இல்லை. இதைச் சிலர் அரைகுறை வேலை என்று இளக்காரமாகப் பேசுவார்கள். என் கண்ணுக்கு, சுமாராகக் கட்டிய முழு விக்டரியைவிட நன்றாகக் கட்டிய நடுத்துண்டு அழகு.

வாசா வேறு விதமான சோதனை. 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் முதல் பயணம் கிளம்பி, சுமார் 1,300 மீட்டர் போவதற்குள் காற்றில் சாய்ந்து, திறந்திருந்த கீழ்வரிசைப் பீரங்கி வாயில்கள் வழியாக நீர் புகுந்து மூழ்கிய கப்பல். 1956இல் கண்டுபிடித்து 1961 ஏப்ரல் 24 அன்று வெளியே தூக்கினார்கள். பால்டிக் கடலின் உப்புக் குறைந்த நீரில் கப்பல் புழு வாழாது என்பதால் மரம் பிழைத்தது. பீரங்கி 64தான். பாய்கள் பத்துதான். கயிற்று வேலை விக்டரியோடு ஒப்பிட்டால் இலகு. செப்புத் தகடும் கிடையாது.

ஆனால் சிற்பங்கள். நூற்றுக்கணக்கில். முன்கொம்புக்குக் கீழே பாயும் சிங்கம், இரண்டு பக்கமும் ரோமப் பேரரசர்களின் வரிசை, பீரங்கி வாயில் கதவுகளின் உள்பக்கத்தில் சிங்க முகங்கள், பின்பக்கமோ கோபுரம்தான். கிட்டுகளில் இவை உலோகத்திலோ பிசினிலோ வார்த்து வரும். வாசாவைப் பொறுத்தவரை கிட்டின் தரம் என்பது இந்த வார்ப்பின் தரம்தான். மரப்பட்டி சுமாராக இருந்தால் வேறு பட்டி வாங்கிக்கொள்ளலாம். மூக்கும் வாயும் வழுக்கிப்போன சிங்கத்தை என்ன செய்வது? வாங்கும் முன் பெட்டிப் படத்தைப் பார்க்காமல், அதே கிட்டைக் கட்டியவர்கள் எடுத்த நெருக்கமான புகைப்படங்களைப் பாருங்கள். தூரிகை பிடிக்கத் தெரிந்தவருக்கு, சின்னச் சின்ன உருவங்களுக்கு வண்ணம் தீட்டுவதில் மகிழ்ச்சி காண்பவருக்கு, வாசா விக்டரியைவிடப் பொருத்தம். நூலும் முடிச்சும் பிடித்தவருக்கு விக்டரி.

வாசாவில் எனக்குப் பிடித்த ஒரு சங்கதி. மூழ்கிய கப்பலில் தச்சர்களின் அளவுகோல்கள் கிடைத்தன. சில பன்னிரண்டு அங்குலம் கொண்ட ஸ்வீடன் அடி, சில பதினொரு அங்குலம் கொண்ட ஆம்ஸ்டர்டாம் அடி. கப்பலின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லை என்பதை ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். கிட்டோ இரண்டு பக்கத்தையும் கச்சிதமாக ஒரே மாதிரி தருகிறது. உங்கள் கையில் இடதும் வலதும் ஒரு மில்லிமீட்டர் வேறுபட்டால் கவலைப்படாதீர்கள், அரசர் கஸ்டவ் அடால்ஃபின் தச்சர்கள் உங்கள் கூட்டாளிகள்.

வண்ணத்தில்தான் ஏமாறக் கூடாது. வாசாவின் சிற்பங்களுக்குப் பின்னணி நீலம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். மரத்தில் ஒட்டியிருந்த வண்ணத் துகள்களை ஆராய்ந்த பிறகு அது சிவப்பு என்று தெரிந்தது. அருங்காட்சியகத்தில் இருக்கும் 1:10 மாதிரி அந்தச் சிவப்பில்தான் நிற்கிறது. பழைய கிட்டின் குறிப்பேடு நீலம் பூசச் சொல்லலாம். விக்டரியிலும் இதே கதை. மஞ்சளும் கறுப்புமான பட்டைகள் என்று காலங்காலமாகப் பார்த்துப் பழகிவிட்டோம். பழைய வண்ண அடுக்குகளை ஆராய்ந்த பிறகு 2015இல் கப்பலுக்கே மஞ்சளை மாற்றி, இன்னும் வெளிறிய, லேசாக இளஞ்சிவப்பு கலந்த நிறம் பூசினார்கள். தவிர, எந்த வருட விக்டரி என்பதும் கேள்வி. 1765இல் பின்பக்கத்தில் திறந்த மாடங்கள் இருந்தன, முகப்புச் சிலை பெரியது. டிரஃபால்கருக்கு முன் நடந்த பெரிய பழுதுபார்ப்பில் அவை மாறிவிட்டன. 1765இன் சிலையும் 1805இன் பின்பக்கமும் ஒரே கப்பலில் இருக்கக் கூடாது.

கான்ஸ்டிடியூஷனுக்கு வருவோம். மூன்றில் நான் சிபாரிசு செய்வது இதைத்தான். 1797 அக்டோபர் 21 அன்று பாஸ்டனில் நீரில் இறங்கிய ஃபிரிகேட் வகைக் கப்பல். பெயரளவில் 44 பீரங்கி. 1812 ஆகஸ்டில் கெரியேர் (Guerriere) என்ற பிரிட்டிஷ் கப்பலோடு நடந்த சண்டையில் குண்டுகள் அதன் பக்கச் சுவரில் பட்டுத் தெறித்ததால் இரும்புப் பக்கம் என்ற செல்லப்பெயர் வந்தது. இரும்பு எங்கும் இல்லை, கெட்டியான அமெரிக்க லைவ் ஓக் மரம்தான். மூடிய பீரங்கித் தளம் ஒன்றே ஒன்று, அதில் 1812இல் 24 பவுண்டு வகை 30. மேல்தளத்தில் இருப்பவை திறந்த வெளியில் நிற்பவை, கண்ணில் படுபவை, செய்வதற்கும் சுவையானவை. கதவு, கீல் வேலை விக்டரியில் பாதிகூட வராது. முன்முகம் விக்டரியைவிடக் கூர்மை என்பதால் பட்டிகள் கொஞ்சம் இணக்கமாக வளையும். செப்புத் தகடு இதற்கும் உண்டு, கயிற்று ஏணியும் உண்டு. அதில் தப்பிக்க முடியாது.

ஆவணங்கள் தாராளமாகக் கிடைப்பது இன்னொரு அனுகூலம். பாஸ்டனில் கப்பலுக்கு அருகில் இருக்கும் அருங்காட்சியகம் மாதிரி கட்டுபவர்களுக்கென்றே வரைபடங்கள் வைத்திருக்கிறது. சேலத்தில், அதாவது மாசச்சூசெட்ஸ் மாநிலத்துச் சேலத்தில், பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகத்தில் கேப்டன் ஐசக் ஹல்லுக்காகக் கப்பல் ஆட்களே கட்டிய அந்தக் காலத்து மாதிரி ஒன்று இருக்கிறது. 1812இல் கப்பல் எப்படி இருந்தது என்பதற்கு அதைவிட நெருங்கிய சாட்சி கிடைப்பது அரிது. ஒன்று மட்டும் கவனம்: 1797இல் முகப்பில் ஹெர்குலிஸ் சிலை, இன்று சுருள் வடிவ வேலைப்பாடு. இங்கேயும் வருடத்தை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒரு கிட்டின் அளவுவிகிதம் 1:76.8 என்று விசித்திரமாக இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஓர் அடிக்கு முப்பத்திரண்டில் ஐந்து அங்குலம் என்ற பழைய கணக்கு அது. கட்டி முடித்தால் முன்கொம்பு உட்பட 1.2 மீட்டர் நீளம் வரும். இதற்கும் பெரிய இடம் வேண்டும் என்பதை மறைக்க விரும்பவில்லை.

கிட்டே வேண்டாம், வரைபடத்திலிருந்து நானே அறுத்துக் கட்டுவேன் என்கிற துணிச்சல்காரர்களுக்கு ஒரு கப்பலைச் சொல்லாமல் போக மனமில்லை. டிரிங்கோமலி, நம் திருகோணமலை. நெப்போலியன் போர்களில் பிரிட்டனில் ஓக் மரத்துக்குப் பஞ்சம் வந்தபோது, பம்பாயில் வாடியா குடும்பத்துக் கப்பல் தச்சர்கள் தேக்கில் கட்டி 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறக்கிய ஃபிரிகேட். 1782இல் திருகோணமலைக் கடலில் நடந்த சண்டையின் நினைவாக அந்தப் பெயர். இன்று இங்கிலாந்தின் ஹார்டில்பூலில் மிதக்கிறது. விக்டரி 1922 முதல் உலர்தளத்தில் நிற்பதால், மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் மூத்தது இதுதான். இது லீடா வகையைச் சேர்ந்தது. அந்த வகையின் உடல்வாகு, பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த ஹெபே என்ற கப்பலைப் பார்த்து எடுத்தது. பிரிட்டிஷ் கடற்படையின் பழைய வரைபடங்கள் கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, நகல் வாங்கலாம். 1:64இல் கட்டினால் உடல் 70 செ.மீ. அளவில் அடங்கும்.

தேக்குக் கப்பல்தானே, தேக்கிலேயே கட்டுவோம் என்று தோன்றும். வேண்டாம். தேக்கின் ரேகை தடிப்பானது, 1:64இல் அது ஆற்றுப்படுகை போலத் தெரியும். எண்ணெய்ப் பசை இருப்பதால் பசையும் சரியாகப் பிடிக்காது. ஓக்கும் அப்படித்தான். ரேகை கண்ணுக்குத் தெரியாத பேரி, பாக்ஸ்வுட் போன்ற மரங்களே சின்ன அளவுக்கு ஏற்றவை. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டிஷ் கடற்படைக்காகச் செய்த அதிகாரபூர்வ மாதிரிகளிலும் இத்தகைய நுண்ரேகை மரங்களைப் பார்க்கலாம். அவற்றில் பல கீழ்ப்பகுதியில் பலகை மூடாமல் விலாச் சட்டங்களைத் திறந்தபடி விட்டவை. அந்தப் பாணியில் கட்டுவது தனி உலகம், முதல் கப்பலுக்கு ஆகாது.

முதல் கப்பலுக்கு ஆகும் ஒன்றைச் சொல்கிறேன், யாரும் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்தே. விக்டரியை வரைந்த அதே தாமஸ் ஸ்லேட், 1763இல் வுல்விச்சில் இறங்கிய ஷெர்போர்ன் என்ற கட்டரையும் வரைந்தார். ஒற்றைப் பாய்மரம். கடத்தல்காரர்களைத் துரத்திய சின்னக் கடற்படைக் கப்பல். 1:64இல் இதற்குக் கிட் கிடைக்கிறது; முடித்தால் அரை மீட்டர்தான், சாதாரண அலமாரியில் உட்காரும். பீரங்கி ஒரு கை விரல்களைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனால் இதிலும் முன்முகம் உருண்டைதான், பட்டியைச் சீவித்தான் ஆக வேண்டும். கப்பியும் முடிச்சும் ஏணியும் உண்டு. விக்டரியில் வரும் வேலை வகைகளில் பெரும்பாலானவை இங்கேயும் வரும், எண்ணிக்கை மட்டும் சொற்பம். ஏணி கட்டும் வேலை உங்களுக்குச் சலிக்கிறதா என்பது சில வார இறுதிகளில் தெரிந்துவிடும். சலிக்கவில்லை என்றால் கான்ஸ்டிடியூஷனுக்குப் போகலாம், அதற்கப்புறம் விக்டரி. சலித்துவிட்டால் நஷ்டம் ஒரு சின்னக் கிட்டின் விலை, கையில் முடிந்த ஒரு கப்பல்.

வாராவாரம் இதழோடு சில உதிரிகள் வரும் திட்டங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். தவணை முறையில் வாங்குவது போலத் தோன்றினாலும், கடைசிவரை கூட்டிப் பார்த்தால் அதே கப்பலின் முழுக் கிட்டைவிட வழக்கமாக அதிகம் ஆகும். ஒரு வாரத்தின் வேலை அரைமணியில் முடிந்து, மீதி நாள் காத்திருக்க வேண்டும். இடையில் ஓர் இதழ் தவறினால் அல்லல். முழுப் பெட்டியாக வாங்குவதே மேல்.

நம் ஊரின் ஈரக்காற்றில் கட்டுகிறவர்கள் கயிற்றுக்குப் பருத்தி நூலைவிட பாலியெஸ்டர் நூலை எடுப்பது உத்தமம். பருத்தி மழைக்காலத்தில் ஒரு மாதிரியும் கோடையில் வேறு மாதிரியும் இழுபடும். மரப்பட்டிகளையும் பெட்டியைத் திறந்து சில வாரங்கள் அறையிலேயே வைத்துவிட்டுத் தொடங்குங்கள். பசைக்குச் சாதாரண வெள்ளை மரப்பசையே போதும், உடனே ஒட்டும் பசை செப்புத் தகட்டுக்கும் அவசரத்துக்கும் மட்டும்.

எதை வாங்கினாலும், பெட்டி வந்த அன்றே நடு ஒட்டுப்பலகையை எடுத்து ஒரு தட்டையான கண்ணாடிமேல் வைத்துப் பாருங்கள். முன்னும் பின்னும் ஆடினால் அது வளைந்திருக்கிறது. அப்போதே விற்றவருக்குப் புகைப்படத்தோடு எழுதி மாற்றுப் பலகை கேளுங்கள். குறுக்குச் சட்டங்களை ஒட்டிய பிறகு அதை நிமிர்த்த வழியில்லை, அந்த வளைவு அடிமரத்திலிருந்து தளம்வரை கப்பல் முழுவதும் ஏறிவிடும்.